மலை தெரியும் ஜன்னல்

எல்ஸ்பெத் தன் சிறிய விடுதியின் சமையலறையில் பன்றி இறைச்சித் துண்டுகளைப் புரட்டிக்கொண்டே காதை மாடிக்குக் கொடுத்திருந்தாள். அவள் கணவர் டூகலுக்கு விடியற்காலையிலிருந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நாத்தனார் ஜெஸ்ஸி பக்கத்தில் இருந்தாள். ஏதாவது என்றால் கைத்தடியால் தரையில் தட்டுவாள், இவள் மேலே ஓடலாம். கடைசி நேரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அவள் வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் இலை சிவக்கும் அக்டோபர். ஸ்காட்லாந்தின் பிட்லாக்ரியில் வேறு ஒரு விடுதியிலும் அறை கிடைக்காது. "வந்தவங்கள அனுப்பிடாத. அவங்க மலையப் பாக்க வந்திருக்காங்க, என்னைப் பாக்க வரல" என்று டூகல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாழாய்ப்போன பிடிவாதம்! விருந்தாளிகளிடம் அவருக்கு ஜலதோஷம் என்று சொல்லி வைத்திருந்தாள்.

சாப்பாட்டு அறையில் லண்டன் தம்பதி பெரிய ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மேசையில் அபர்டீன்காரர் மில்ன், வயதானவர், ஸ்காட்லாந்து வழக்கப்படி ஓட்ஸ் கஞ்சியில் உப்பைத் தூவினார்.

"என்ன பெரியவரே, கஞ்சியில போய் உப்பா?" என்றார் லண்டன்காரர்.

"சர்க்கரை போட்டுக்கலாம். பல்லு முளைக்கிற வரைக்கும்."

அறையே சிரித்தது. எல்ஸ்பெத்தும் சிரித்தாள், பாவி. பிறகு முட்டை, காளான், இன்னொரு சுற்று டீ.

அவள் மாடிக்குப் போனபோது ஜெஸ்ஸி அழுதுகொண்டிருந்தாள்.

"தட்டினேனே அண்ணி... தட்டிக்கிட்டே இருந்தேனே. கேக்கலையா?"

"சட்டி சத்தம்டி. எல்லாரும் சிரிச்சிட்டிருந்தோம்."

"அண்ணன் கதவையே பாத்துட்டிருந்தாரு."

டூகலின் கை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பிடித்துக்கொண்டாள். இனிப் பிடித்து என்ன?

சாவு விழுந்த வீட்டில் ஜன்னல் திரைச்சீலைகளை மூடிவிடுவது ஊர் வழக்கம். மாடியில் ஜெஸ்ஸி மூடினாள். எல்ஸ்பெத் கீழே வந்து பெரிய ஜன்னலின் ஒரு பக்கத்துத் திரையை இழுத்தாள்.

"ஐயோ, என்னம்மா இது! இப்பத்தான் மேகம் விலகிச்சு. பாத்துட்டிருக்கோமே!" என்று லண்டன்காரரின் மனைவி பதறினாள்.

அடுத்த திரையைப் பிடித்த எல்ஸ்பெத்துக்கு அதை இழுக்க முடியவில்லை. மில்ன் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவள் விரல்களை மெல்ல விலக்கி, அந்தத் திரையை அவரே இழுத்து மூடினார்.

லண்டன்காரரின் மனைவி கேமராவைக் கீழே வைத்தாள்.

"யாருக்காவது இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா?" என்றாள் எல்ஸ்பெத்.