கோல்கீப்பரின் அப்பா வாயைத் திறக்கவில்லை

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்கிறவருக்கு, இன்னொன்று, அதாவது வேலை செய்கிற பிரேக், அவருக்கு. கால்பந்து மைதானத்தில் அந்த வசதி இல்லாததால், கோல்கீப்பரான தம் மகளை வாயாலேயே ஓட்டிவந்தார்.

"உள்ள நில்லு! வெளிய வராத! இடது பக்கம்! உன் இடதும்மா, என் இடது இல்ல!"

போன ஆட்டத்தில் அந்தக் கூச்சலைக் கேட்டு அவள் ஒரு நொடி தயங்க, பந்து அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் மகள் சொல்லிவிட்டாள்.

"அடுத்த மேட்ச்ல நீங்க ஒரு வார்த்தை கத்தினாலும் கிளவுஸைக் கழட்டிடுவேன்ப்பா. அப்புறம் ஃபுட்பாலே கிடையாது."

"உன் நல்லதுக்குத்தானே..."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "லைசென்ஸ் டெஸ்ட் அன்னிக்கு நீங்க வண்டியில ஏறி உக்காருவீங்களா?"

"அது எப்படி? ஓரமாத்தான் நிக்கணும். ரூல்ஸ்."

"அப்ப இங்கயும் ஓரமா நில்லுங்க."

ரூல்ஸ் என்றால் மாஸ்டர் மடங்கிவிடுவார். பிறருக்கு மட்டுமே சொல்லிப் பழகியது என்பதால் கொஞ்சம் நேரம் பிடித்தது.

சனிக்கிழமை மைதானத்தில் கோலுக்குச் சற்றுத் தள்ளி நின்றார். பக்கத்தில் பல் டாக்டர். அவருடைய மகள் அதே அணியில் தடுப்பாட்டக்காரி.

"என்ன மாஸ்டர், தொண்டை கட்டிக்கிச்சா? ஊரே அமைதியா இருக்கு!"

மாஸ்டர் இல்லையென்று தலையாட்டினார்.

"பல்லைக் கடிக்காதீங்க சார். அப்புறம் என்கிட்டதான் வரணும்."

ஆட்டம் தொடங்கியது. அப்போதுதான் ஒரு குரல் கேட்டது.

"பின்னால ஆள் வருது! விடு, நான் எடுக்கிறேன்! முன்னால ஏறு, எல்லாரும் ஏறு!"

பயிற்சியாளரோ என்று சுற்றிலும் பார்த்தார். இல்லை. வீட்டில் எதைக் கேட்டாலும் "ம்" என்று மட்டும் பதில் சொல்லும் அவருடைய மகள்தான். அவள் "வலது" என்றாள். அவளைவிட ஒரு தலை உயரமான பெண்கள் ஒரே உடம்பாக வலப்பக்கம் நகர்ந்தார்கள். கூச்சல் இல்லை, பதற்றம் இல்லை. மைதானத்தின் பாதியை அந்தச் சின்னத் தொண்டை தாங்கிப் பிடித்திருந்தது. இத்தனை ஆட்டங்களாகவும் இந்தக் குரல் இங்கேதான் இருந்திருக்கிறது. அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது யார் என்று மாஸ்டருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் பாதியில் எதிரணியின் நீண்ட பந்து ஒன்று வந்தது. மகள் கோலை விட்டு வெளியே ஓடினாள். 'வராதே' என்பது மாஸ்டரின் உதடு வரை வந்துவிட்டது. விழுங்கினார். பந்து அவள் தலைக்கு மேலே மெதுவாகப் போய் வலைக்குள் விழுந்தது.

மகள் தன் கைகளையே பார்த்தாள். கிளவுஸைக் கழற்றப் போகிறாள் என்றே மாஸ்டர் நினைத்தார். அவளோ கையுறைப் பட்டையை இழுத்து இறுக்கினாள்.

"என் தப்பு. தலையைத் தொங்கப் போடாதீங்க. வாங்க, ஆடலாம்."

இவ்வளவு சுருக்கமாகத் தவறை ஒப்புக்கொண்ட பெரிய மனிதர் எவரையும் மாஸ்டர் பார்த்ததில்லை, கண்ணாடியிலும் பார்த்ததில்லை.

சற்று நேரத்தில் அதே மாதிரி இன்னொரு பந்து. அவள் மறுபடியும் வெளியே ஓடினாள். மறுபடியும்! எதிராளியின் காலடியில் பாய்ந்து பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு புழுதியில் உருண்டாள். மாஸ்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தத் துணிவை அவர் கற்றுக்கொடுக்கவில்லை. அதைத் தடுக்கத்தான் இத்தனை நாள் கத்தியிருந்தார்.

அந்த ஒரு கோலில் அவள் அணி தோற்றது.

திரும்பும் வழியில் காரில் அவள்தான் ஆரம்பித்தாள்.

"அந்த கோல்... நான் சீக்கிரமா வந்துட்டேனாப்பா?"

இதற்கு மாஸ்டரிடம் உட்பிரிவுகளோடு பதில் தயாராக இருந்தது.

"தெரியலம்மா. உனக்கு எப்படித் தோணுச்சு?"

அவள் சொல்லத் தொடங்கினாள். பந்தை உதைத்த பெண்ணின் தோள் திரும்பிய விதம், பந்தின் சுழற்சி, எங்கே நின்றிருந்தால் மறித்திருக்கலாம் என்பது. "அடுத்த வாரம் பாருங்க, அங்கதான் நிப்பேன்" என்றாள். அவருக்குப் பாதி புரியவில்லை.

வீடு வந்தது. அவள் இன்னும் முடிக்கவில்லை. மாஸ்டர் வண்டியை நிறுத்தாமல் தெருவை இன்னொரு சுற்று வந்தார்.