ஆளில்லாமல் வந்த வண்டி

மலைப்பாதையின் வளைவைத் தாண்டியதும் நட்டு சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தான். பின்னால் மச்சான் வந்துகொண்டிருக்க வேண்டும். அவருடைய சைக்கிள் வந்தது. மேலே ஆள் இல்லை.

சரிவில் அது நேராக, நிதானமாக உருண்டு வந்தது. பின் சக்கரத்தின் டிக்டிக் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அவனைக் கடந்து கொஞ்ச தூரம் போய், வேகம் குறைந்து, ஹேண்டில் ஒரு பக்கமாகத் திரும்ப, களைத்த ஆள் படுப்பதுபோலப் புல்லில் சாய்ந்தது. நட்டுவுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். மச்சான் அப்படிப்பட்ட ஆள். தன் மகள் பிறந்த அன்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "அப்படியே என் மாமனார் ஜாடை, மீசை ஒண்ணுதான் பாக்கி" என்று சொன்னவர்.

"போதும் மச்சான், வெளிய வாங்க!" என்று மரங்களைப் பார்த்துக் கத்தினான். பதில் இல்லை. இன்னொரு தடவை கத்தினான். அந்தக் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. தன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மேலே ஓடினான்.

மச்சான் பாதையோரத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். இடது தோள் ஒரு மாதிரி உள்ளே மடங்கியிருந்தது. தாடை கிழிந்து கழுத்தெல்லாம் ரத்தம். கண் திறந்திருந்தது. ஆனால் நட்டு குனிந்து முகத்துக்கு நேராக வந்தபோதும் அந்தக் கண் அவனைப் பார்க்கவில்லை. வாய் மட்டும் எதையோ மெல்லுவதுபோல மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. "மச்சான், மச்சான்" என்று கன்னத்தைத் தட்டினான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தக் கண்ணுக்குள் ஆள் வந்ததுபோல் இருந்தது.

"எங்க இருக்கோம் மாப்ள?" என்றார். பிறகு தோளைப் பிடித்துக்கொண்டு முனகினார். சரிவின் கீழே புல்லில் கிடந்த சைக்கிளை வெகுநேரம் பார்த்தார். "பிரேக் கவ்விடுச்சுடா. முன் பிரேக்" என்றார்.

அந்தச் சைக்கிளை நட்டுதான் செய்தான். ஒவ்வொரு சாமானாகத் தேடி, தன் கையால். லிப்ட் கம்பெனியில் மெக்கானிக் அவன். அக்காவைக் கட்டிய புதிதில் மச்சான் ஒருநாள் தீப்பெட்டிக்காக இவன் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு நட்டை எடுத்தார். "ஊர்ல எல்லாருக்கும் நட்டு கழண்டிருக்கும். என் மாப்ளைக்கு மட்டும் ஒண்ணு எக்ஸ்ட்ரா" என்றார். அன்றோடு வீட்டில் வைத்த பெயரை வீட்டிலேயே மறந்துபோனார்கள்.

சைக்கிள் வேண்டும் என்று மச்சான் கேட்டபோதே நட்டுவுக்கு ஆச்சரியம்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தெருமுனைக் கடைக்குக்கூட பைக்கில் போகிற ஆள். "ஒரே வண்டி மாப்ள. மேடும் ஏறணும், கடைக்கும் போகணும், காலையில வேன் ஷெட்டுக்கும் அதுலயே போயிடணும். ஆனா உங்க அக்கா ஒத்தக் கையில தூக்கிட்டு மாடி ஏறுற மாதிரி லேசா இருக்கணும்" என்றார். மேடு ஏறுகிற வண்டி கனமாக இருக்கும், லேசான வண்டி கல்லையும் பள்ளத்தையும் தாங்காது, இரண்டும் சேர்ந்தது கடையில் கிடைக்காது என்று நட்டு சொன்னான். "கிடைச்சா நான் ஏன் உன்கிட்ட வர்றேன்?" என்றார்.

மழைக்காலம் முழுக்க அது அவனுடைய ஒற்றை அறையில் வளர்ந்தது. யாரோ பந்தயத்துக்காக வாங்கி, ஆசை தீர்ந்து விற்ற அலுமினிய பிரேம். அதன் பெயின்ட்டைச் சுரண்டியதிலேயே ஒரு கைப்பிடி எடை குறைந்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் ஸ்பிரிங் கிடையாது, காற்றுதான் குலுங்கலைத் தாங்கும். முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம், பின்னால் தட்டு அளவுக்கு விரிந்த பல்சக்கர அடுக்கு, எந்த மேட்டுக்கும் ஒரு கியர் இருக்கும். சக்கரங்களை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, ஸ்போக்ஸ் ஒவ்வொன்றாகக் கோத்து, விரலால் சுண்டி, எல்லாம் ஒரே சுதியில் ஒலிக்கும்வரை முறுக்கினான். ஒவ்வொரு சாமானையும் பயணப் பெட்டி நிறுக்கும் தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தான். அக்கா ஒருநாள் வந்து வாசற்படியிலேயே நின்று இதையெல்லாம் பார்த்தாள். "கிராம் கிராமா எதுக்குடா குறைச்சுக்கிட்டு? உங்க மச்சானோட தொப்பையில ரெண்டு கிலோ குறைச்சா முடிஞ்சுது வேலை" என்றாள்.

கடைசியில் லிப்டுக்குச் செய்வதையே இதற்கும் செய்தான். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி முடித்ததும் போல்ட்டின் தலையிலிருந்து பிரேம் வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு. போல்ட் மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். வண்டி தயாரானபோது அக்கா நிஜமாகவே அதை ஒற்றைக் கையில் தூக்கினாள். நம்பாமல் இறக்கிவைத்துவிட்டு மறுபடி தூக்கினாள். மச்சான் கைதட்டினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைக்குப் போவோம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இப்போது ஆஸ்பத்திரியில் கழிந்துகொண்டிருந்தது. காறை எலும்பு முறிவு, தாடையில் தையல். டாக்டரம்மா பொறுமையாகத்தான் கேட்டார். விழுவதற்கு முன்னால் தலை சுற்றியதா, மயக்கம் வந்ததா, பழைய வியாதி ஏதாவது உண்டா என்று. மச்சான் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். முன் பிரேக் கவ்விக்கொண்டது, தூக்கிப் போட்டது, அவ்வளவுதான் என்றார். கட்டிலின் கால்மாட்டில் நின்ற நட்டு தரையைப் பார்த்தான். 

அக்கா மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். கட்டுப் போட்ட தோளையும் வீங்கிய தாடையையும் பார்த்தாள். அழவில்லை. வராண்டாவுக்கு வந்து நட்டுவின் முன்னால் நின்றாள்.

"நீ பண்ணின வண்டிதானே?"

"ஆமாக்கா."

"அடுத்த வாரம் தன்னை முன்னாடி உட்கார வச்சு ஓட்டணும்னு பாப்பா கேட்டுட்டிருந்தாடா."

  அவள் திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நட்டு ஒரு ஆட்டோவைப் பிடித்து மலையடிவாரத்துக்குப் போய் அந்தச் சைக்கிளை அறைக்குக் கொண்டுவந்தான். பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் நிறுத்தினான். லிப்டில் விபத்து நடந்தால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தான், எதையும் கழற்றாமல், முதலில் கண்ணால் மட்டும். பிறகு முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினான். மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லாமல் அது சுற்றிக்கொண்டே இருந்தது. பிரேக்கை அழுத்தினான், பிடித்தது. விட்டான், விட்டது. மறுபடி அழுத்தி விட்டான். எத்தனை தடவை என்று அவனுக்கே தெரியாது. பிரேக் தட்டில் சூடேறிய நிறமில்லை. கட்டைகள் புதிதாகவே இருந்தன. மஞ்சள் கோடுகளை டார்ச் அடித்துப் பார்த்தான். ஒரு கோடுகூட உடையவில்லை.

கழற்றத் தொடங்கினான். சக்கரம், போர்க், ஹேண்டில், பேரிங், செயின். ஒவ்வொன்றும் கழன்று வரும்போது இதில்தான் இருக்கும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு விரிசல் போதும். ஒரு கீறல், மணல் சிக்கிய ஒரு பேரிங், தான் செய்த ஒரு தப்பு. அது கிடைத்தால் அக்காவின் காலில் விழுந்துவிட்டு வந்துவிடலாம். செய்தித்தாள் முழுக்க சாமான்கள் பரவின. எல்லாம் சுத்தமாக இருந்தன.

அப்போதுதான் அது உறைத்தது. பிரேக் கவ்விய வண்டி எப்படி உருண்டு வரும்?

வந்ததே. அவனைத் தாண்டி, அத்தனை தூரம், எதிலும் பிடிபடாமல் வந்ததே. அவன் கண்ணால் பார்த்தானே. நட்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.  தூக்கி எறியப்பட்டவர் கையை ஊன்றாமல் விழுவாரா? ஆஸ்பத்திரியில் மச்சானின் உள்ளங்கைகளை அவன் துடைத்துவிட்டிருந்தான். அதில் ஒரு சிராய்ப்புகூடக் கிடையாது. கீழே விழுகிறோம் என்பதே அந்தக் கைகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பார்வையில்லாத அந்தக் கண், மென்றுகொண்டிருந்த வாய், எங்க இருக்கோம் என்ற கேள்வி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பழுது இருந்தது. ஆனால் அது இந்தச் செய்தித்தாளின் மேல் இல்லை.

அவன் திரும்பிப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. அக்கா மருந்துக் கடைக்குப் போயிருப்பதாக நர்ஸ் சொன்னாள். மச்சான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இவனைப் பார்த்ததும் வழக்கமான சிரிப்பைக் கொண்டுவரப் பார்த்தார். தையல் இழுத்தது.

"வா மாப்ள. உங்க அக்கா உன்னைக் கொல்றதுக்கு ஆள் தேடிட்டிருக்கா."

நட்டு சிரிக்கவில்லை. "வண்டியில ஒண்ணுமில்ல மச்சான்" என்றான்.

"எதாவது இருக்கும். நல்லாப் பாரு."

"முழுசாக் கழட்டிட்டேன். ஒண்ணுமே இல்ல."

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே யாரோ காரை முன்னும் பின்னுமாக எடுத்து நிறுத்த முயன்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கார் நின்று, கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நேரம் நான் இல்லாமப் போயிடுறேன் மாப்ள" என்றார். "தூக்கம் மாதிரி இல்ல. மயக்கமும் இல்ல. சினிமா பாத்துட்டு இருக்கும்போது நடுவுல கொஞ்சம் வெட்டி எடுத்த மாதிரி. திரும்பி வந்தப்புறம்தான் போயிருந்தேன்னே தெரியும்."

"எப்ப இருந்து?"

"மழைக்கு முன்னாடி இருந்து. அதான் பைக்க விட்டுட்டேன். உங்க அக்காவ பின்னாடி உட்கார வச்சு ஓட்ட பயமா இருந்துச்சு. சைக்கிள்னா விழுந்தாலும் நான் மட்டும்தானே விழுவேன்னு…"

 கேட்கக்கூடாத கேள்வி நட்டுவின் வாய்வரை வந்து நின்றது. கேட்டான். "வேன்ல?"

மச்சான் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வேன்ல வந்திருக்கா மச்சான்?"

"ஒரு தடவை. சிக்னல்ல நின்னுட்டிருந்தப்போ. வண்டி ஓடும்போது வந்ததில்ல, சத்தியமா. பாப்பா முன் சீட்ல இருந்தா. பச்சை விழுந்துருச்சுப்பான்னு என்னைப் புடிச்சு உலுக்கினா. அப்பா கண்ணத் தொறந்துட்டே தூங்குறாருன்னு பின்னாடி இருந்த பிள்ளைங்ககிட்ட சொல்லி ஒரே சிரிப்பு. அம்மாகிட்ட சொல்லாத, இது நம்ம ரகசிய விளையாட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

நட்டு கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அது சில்லென்று இருந்தது. அந்த வேன் அவனுக்குத் தெரியும். காலையில் வேலைக்குப் போகும்போது எத்தனையோ தடவை எதிரே வந்திருக்கிறது. ஜன்னல் முழுக்கச் சின்னச் சின்ன முகங்கள், இவனுக்கு டாட்டா காட்டும் கைகள். அந்தக் கைகளையெல்லாம் ஏந்திக்கொண்டு ஸ்டியரிங்கில் யாருமே இல்லாமல் வேன் சரிவில் வருவதுபோல் தோன்றியது. தலையை உதறினான்.

"டாக்டர்கிட்ட சொல்லிடுங்க மச்சான்."

"சொன்னா லைசென்ஸ் போயிடும். எனக்கு வேற என்ன தெரியும்? இந்தத் தோள் சரியாகுறவரைக்கும் எப்படியும் ஓட்டப் போறதில்ல. அதுக்குள்ள இதுவும் தன்னால போயிடும்." நல்ல கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "பழி வண்டி மேலயே இருக்கட்டுமேடா. இரும்புக்கு வலிக்கவா போகுது?"

"எனக்கு?"

மச்சான் கையை எடுக்கவில்லை. கண்ணில் நீர் நிறைந்திருந்தது. பதினைந்து வருஷத்தில் நட்டு அவரை அழுது பார்த்ததில்லை. அந்தக் கையை உதறவும் முடியவில்லை, அப்படியே விட்டுவைக்கவும் முடியவில்லை. "அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டான். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.  இது நடிப்பா, அசதியா, அல்லது இப்போதும் அவர் இல்லாமல் போய்விட்டாரா என்று நட்டுவால் கண்டுபிடிக்க முடியவில்லை. முன்பெல்லாம் இப்படி ஒரு சந்தேகம் வந்திருக்காது. இனி எப்போது பார்த்தாலும் வரும். அந்த நினைப்புதான் அவனை அக்காவைத் தேடி வெளியே தள்ளியது.

வராண்டாவின் கடைசியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். போனில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஒன்றுமில்லை, தாடையில் சின்னதாகத் தையல், நாளைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார் என்றாள். அந்தப் பக்கம் குழந்தை என்னவோ சொல்ல, காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். போனை அணைத்துவிட்டு நிமிர்ந்தவள் நட்டு வருவதைப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலிருந்து இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை. கொஞ்சம் தயங்கினாள். பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த மருந்துப் பையையும் மாற்றுத் துணியையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவன் உட்கார இடம் விட்டாள்.