வயிற்றை அலசிய நீர்

அத்தானுக்கு இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்த மறுநாள் காலை, நீர் நிரப்பிய சோதனைக் குழாய் ஒன்று இவள் மேசைக்கு வந்தது. மேலே பெயர் இல்லை, எண் மட்டும். ஆனால் முந்தின நாள் அந்த ஆஸ்பத்திரியில் நடந்த இரைப்பை ஆபரேஷன் ஒன்றே ஒன்றுதான்.

பன்னிரண்டு வருஷமாக அங்கே மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஆபரேஷன் நடக்கும்போது வயிற்றுக்குள் உப்புநீர் ஊற்றி, அலசி, உறிஞ்சி எடுத்து அனுப்புவார்கள். அதில் புற்றுநோய்ச் செல் ஒன்றிரண்டு நழுவி வந்திருந்தால் மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாமல் போகலாம். அவற்றின் மரபணுத் தடயம் இவளுடைய இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும்; திரையில் கோடு ஏறும்.

வார்டில் அக்கா முகம் தெளிந்திருந்தது. எல்லாம் சுத்தமாக எடுத்தாயிற்று என்று டாக்டர் சொல்லியிருந்தார். டவுன் பஸ் ஓட்டும் அத்தான், "இனிமே எனக்கு அரை டிக்கெட் சாப்பாடு போதும்," என்று நர்ஸைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் திரையில் கோடு மேலே ஏறியது.

கவனக்குறைவில் எதையோ கலந்துவிட்டோம் என்று நினைத்தாள். தன் வேலை தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. புதுக் கையுறை மாட்டி, மிச்சமிருந்த நீரில் மறுபடி செய்தாள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வைத்த வெறும் தண்ணீரின் கோடு தரையோடு கிடந்தது. அத்தானுடையது ஏறியது. மூன்றாவது தடவையும் ஏறியது.

டாக்டர் முடிவுத் தாளை வாங்கிப் பார்த்தார். "புற்றுநோய்ச் செல் வயித்துக்குள்ள சிந்தியிருக்கு. மருந்தைக் கடுமையாத்தான் கொடுக்கணும். நான் பேசுறேன்."

அவர் பேசிவிட்டுப் போனதும் அத்தான் இவளைக் கூப்பிட்டார்.

"நீதானே பாத்தே?"

"ஆமா அத்தான்."

"தப்பா இருக்குமோ?"

"மூணு தடவை பாத்தேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அக்காதான் வெடித்தாள். "யார் கண்ணுக்கும் தெரியாம இருந்ததைத் தோண்டி எடுத்து நீட்டியிருக்கியே. சொந்தத் தங்கச்சி செய்ற வேலையாடி இது?" அதோடு அக்கா இவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மருந்து ஏற ஏற அத்தானுக்கு முடி கொட்டியது, வாய் புண்ணாயிற்று. வெறும் கஞ்சிகூட வாந்தியாக வந்தது. நடுவில் ஏழு மாதம் தேறி, டெப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் போய்வந்தார். பிறகு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. இருபதாவது மாதம் போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டே அக்கா அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக இவளிடம் வாய் திறந்தாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா, முன்னாடியே போயிருப்பாரா?"

"இருக்கலாம்க்கா."

"கொஞ்சநாள் ருசிச்சாவது சாப்பிட்டிருப்பாரு இல்ல?"

"அதுவும் இருக்கலாம்."

அக்கா அடுத்த சட்டையை எடுத்து, அதன் ஒரு கையை இவள் பக்கம் நீட்டினாள். இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து மடித்தார்கள்.