முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள்

...மறுபடியும் அந்த டிக், டிக், ஒரு சின்ன இடைவெளி, பிறகு டிக், உள்ளிருந்து யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல, திரையில் அதே கேள்வி, இந்தக் கோப்பைப் படிக்க முடியவில்லை, மீண்டும் முயல்வதா, தவிர்ப்பதா, மீண்டும் முயல்கிறேன், இது ஆறாவது தடவை. சூடு இறங்கட்டும் என்று ஹார்ட் டிஸ்கை ஒரு எவர்சில்வர் தட்டின்மேல் வைத்திருக்கிறேன். மத்தியான வெயில் திரைச்சீலை வழியாக வந்து மேசையில் தண்ணீர்போல அசைகிறது. உள்ளே இருப்பது அவள் குரல், பேசத் தாமதமாகும் பிள்ளைகளுக்காக என் மனைவி பதிந்து வைத்த முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள், ஒவ்வொன்றும் மூன்று முறை, பிள்ளை திருப்பிச் சொல்ல நடுவில் இடம் விட்டு. வேறெங்கும் அவள் குரல் இல்லை, அவள் போனும் அந்த விபத்தில் அவளோடு போயிற்று, ஐந்து மாதம், ஐந்து மாதம்தானா...

காலையில் கணினி கேட்டது, டிஸ்கில் பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா. சரி என்றேன். இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் சரிதான், சாப்பிடுறியா, சரி, இங்க ஒரு கையெழுத்து, சரி. மரம், பந்து, கதவு என்று கோப்புகளுக்கு அவள் வைத்த பெயர்களெல்லாம் அழிந்து வெறும் எண்களாகிவிட்டன. அவள் தம்பி போனில் கத்துகிறான், “யாரு மாமா அதை அழுத்தச் சொன்னா? முதல்ல காப்பி, அப்புறம்தானே ரிப்பேர்?” சரி என்கிறேன். “என்ன சரி? எங்கக்கா கேபிளைப் புடுங்கிப் புடுங்கியே பாதி உசுரை எடுத்துட்டா, மீதியை நீங்க எடுக்குறீங்க.” உசுரு, அந்தச் சொல் மட்டும் வெயிலில் தூசிபோல மிதந்துகொண்டிருந்தது. உண்மைதான், ஒருநாளும் அவள் முறைப்படி கழற்றியதில்லை, நான் முறைத்தால், ஏன், அதுக்கு வலிக்குதா, என்பாள், எனக்கு வலிக்குது என்பேன், அப்ப சரி என்பாள்... “ஒரே ஃபைலைப் புடிச்சுத் தொங்காதீங்க மாமா, ஸ்கிப் குடுங்க. டிஸ்க் போயிடுச்சுன்னா மிச்சமும் வராது.”

நூற்று நாற்பது. அது பந்தா, கதவா, அம்மாவா, தெரியாமல் எப்படி விடுவது, தெரிந்தால் மட்டும் எதை விடுவேன், தண்ணீர் என்றால் பரவாயில்லையா? தவிர் என்பதை அழுத்துகிறேன். விரல் நடுங்கவில்லை. ஆஸ்பத்திரித் தாளில் கையெழுத்துப் போட்டபோதும் நடுங்கவில்லை, பாவம் இறுகிப்போயிட்டான் என்று யாரோ சொன்னார்கள், இறுகவில்லை, தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது, இப்போதும் அப்படித்தான். பச்சைக் கோடு நகர்கிறது, நூற்று நாற்பத்தொன்று, இரண்டு, டிக், தவிர், நகர்கிறது... இருநூற்று அறுபத்தெட்டில் டிஸ்க் மெல்லச் சுழன்று, தணிந்து, நின்றது. எத்தனை வந்துச்சு என்கிறான். இருநூற்று ஐம்பது என்கிறேன். “நிறைய மாமா. நிறையத்தான். ஒண்ணு போட்டுப் பாருங்க... இல்ல, இருங்க, நான் வச்சுடறேன், அப்புறம் போடுங்க.” வைத்துவிட்டான்.

எண் பார்க்காமல் ஒன்றைத் திறக்கிறேன். குடை. அவளேதான், அந்த ‘கு’வை லேசாகத் தூக்கிப் பிடிக்கும் விதம். இடைவெளி. குடை. இரண்டாவது இடைவெளியில், தூரத்தில், சமையலறைப் பக்கமிருந்து ஓர் ஆண் குரல், “ஏய், பால் பொங்கி அடுப்பெல்லாம் ஆறா ஓடுது, வந்து பாரேன்!” சிரிப்பை அடக்கமுடியாத குரல், அவள் உஷ் என்கிறாள், தானும் சிரித்துவிடுகிறாள், குடை. யார் இவன், எங்கள் வீட்டில், இவ்வளவு உரிமையாக, ஒரு கணம் நிஜமாகவே சமையலறையைத் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. அது என் குரல்தான், அப்போதைய நான். மறுபடி போடுகிறேன், மறுபடி, அவளைக் கேட்கத்தான், அவளுக்காகத்தானே காலையிலிருந்து இத்தனையும், நாலாவது தடவையில்தான் தெரிகிறது, அவளுடைய குடைகளை வேகமாகக் கடந்து, அவன் எப்போது பேசுவான் என்று காத்துக்கொண்டிருக்கிறேன்.