விட்டுப் படித்த வரிகள்

...முப்பத்தொரு சதவீதம், முப்பத்தொன்றிலேயே நாலு நிமிடமாக நிற்கிறது, இன்றைக்கு வியாழக்கிழமை வேறு, மூன்றேகாலுக்கு பூனாவின் இந்தச் சிஞ்ச்வாட் முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிடுவான், இப்போது மணி ஒன்று ஐம்பது, இந்தப் பழைய யுபிஎஸ் ஐந்து நிமிடம் தாங்கினால் அதிகம், அதற்குள் இந்த இழவு மெஷின் எல்லாவற்றையும் அமுக்கி ஒரு சிடிக்குள் அடைத்து முடிக்க வேண்டும்... மல்லிகா திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். மேஜை ஓரத்தில் வீணாய்ப்போன ஐந்து சிடிகள் கிடந்தன. முதலாவதில் குரலே வரவில்லை. இரண்டாவதில் குரல் வந்திருக்கிறது, ஆனால் ஒலியளவு பூஜ்யத்தில் இருந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள், எந்தப் புண்ணியவான் ஒலியை அடைத்து வைத்துவிட்டு அதற்கு மேல் பேசும் நிரலை ஓட விடுகிறான், பேசுகிறவன் வாயைக் கட்டிவிட்டுப் பேசு பேசு என்றால்? எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் இந்த சிடியிலிருந்தே லினக்ஸ் எழும்ப வேண்டும், உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்கைத் தொடக்கூடாது, எழும்பியதும் தானாகவே திரையில் உள்ளதை வரிவரியாகப் படிக்க ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அதற்காக இணையத்திலிருந்து இறக்கிய சிடியைப் பிரித்து, விளையாட்டுகளையும் படம் வரைகிற சமாசாரங்களையும் பிடுங்கி எறிந்து, பேச்சைச் சேர்த்து, கடிதம் படிக்கும் நிரலைச் சேர்த்து, மறுபடி கட்டி... ஒரு மாதம். ஊர் லினக்ஸ் குழுவின் அஞ்சல் பட்டியலில் சந்தேகம் கேட்டால் ஒருவன் எழுதுகிறான், ஆன்ட்டி, உங்கள் மகனிடம் கேளுங்கள் என்று. எனக்கு மகனே இல்லையடா. நீ அரைஞாண் கயிற்றோடு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நான் பிம்ப்ரியில் யூனிக்ஸ் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டாயிரம் பேருக்குச் சம்பளப் பட்டியல் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று எழுதி, அனுப்பாமல் அழித்தாள். எத்தனையோ அப்படி எழுதி அழித்ததுதான்.

முப்பத்தெட்டு. பத்தொன்பது வருடம் அந்தத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில், கடைசியில் விருப்ப ஓய்வு என்று பெயர் சொல்லி அனுப்பிவைத்தார்களே அந்த 2003 வரை, வீட்டுக்கு யார் வந்தாலும் பக்தவத்சலம் சொல்வது ஒன்றுதான், என் வொய்ஃப் கம்பெனியில் டைப்பிங் பண்ணுறா. அவர் வங்கி மேனேஜர், அவர் கையெழுத்துப் போட்டால் கடன், போடாவிட்டால் இல்லை, அவளுடையது டைப்பிங். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது கூட, தொடாத, ஏதாவது அழிஞ்சிடும் என்றார், அவளிடம், தினமும் அதைவிடப் பெரிய மெஷினைக் கட்டி மேய்க்கிறவளிடம். பிறகு சர்க்கரை. சொன்னாள், எத்தனை முறை சொன்னாள், ஸ்ரீகண்ட் இனிப்பை டப்பாவோடு எடுத்து உட்காராதீங்க, கண் டாக்டர் போன வருஷமே வரச் சொன்னார், போங்க... ஆஃபீஸ்ல மார்ச் க்ளோசிங், அப்புறம் பாக்கலாம். எந்த மார்ச்? இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, பேப்பரை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, தூர வைத்து, விளக்கைப் போடு என்றார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்கு அழுதாள். இப்போது நினைத்தால் கோபம்தான் வருகிறது, தனக்குத்தானே செய்துகொண்டதை அவள் தலையில் இறக்கிவைத்துவிட்டு ஹாலில் ராஜா மாதிரி உட்கார்ந்து, மல்லிகா காபி, மல்லிகா நியூஸ் போடு, மல்லிகா மெயில் வந்திருக்கா பாரு.

மெயில்... ஐம்பத்திரண்டு. எல்லாம் அந்த மெயிலால்தான். ஓய்வுபெற்ற அதிகாரிகள் சங்கத்துக்குப் போன மாதம் போனவர், அங்கே கம்ப்யூட்டரில் ஒரு பையனைக் கெஞ்சிக் கடிதம் படிக்கச் சொல்லியிருக்கிறார், அவன் நாலு பேர் காதுபட உரக்கப் படித்திருக்கிறான், யாரோ சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், எங்க போனாலும் இனி ஒருத்தன் வாயை எதிர்பார்த்துத்தான், என்றார். அதைச் சொன்னபோது குரல் எப்படியோ இருந்தது, அன்று மாலையே அவள் இந்த வேலையில் இறங்கினாள். யோசிக்காமல் இறங்கினாள். யோசித்திருந்தால்? அந்த ஒரு வாய் யாருடைய வாய், இரண்டு வருடமாக அவருக்கு வந்த அத்தனை கடிதமும் எந்த வாய் வழியாகப் போனது என்று யோசித்திருந்தால் இறங்கியிருப்பாளா?

ப்ரீதி. ஒரே மகள். பெங்களூரில் கூட வேலை செய்த ஜோஷுவாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள், பக்தவத்சலம் போகவில்லை, மல்லிகாவையும் போக விடவில்லை. குழந்தை பிறந்தது, அம்மு, அதற்கும் போகவில்லை. அம்மாவோடு மட்டும் போனில் பேசுவாள், அப்பாவுக்கு மெயில், ஆங்கிலத்தில், பூனாவில் வளர்ந்த பெண், தமிழ் எழுத வராது. இந்த மார்ச்சில் வந்த மெயிலை மல்லிகா இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்தாள், அவர் பின்னால் கட்டிலில். அப்பா, குழந்தையைப் பார்க்க நீங்கள் வரவில்லை. இனி வந்தாலும் உங்களால் பார்க்க முடியாது. அதை நினைத்து அழுதேன், அழுது முடித்த பிறகு எனக்கு வருத்தமாக இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. இதைத் தொண்டைக்குள்ளேயே படித்துவிட்டு வெளியே சொன்னது வேறு. "அம்முவுக்கு ரெண்டு பல் வந்திருக்காம். நீங்க வேளாவேளைக்கு மாத்திரை போட்டுக்கணுமாம். உங்க ஞாபகமாவே இருக்காம்." எங்கிருந்து வந்தது அந்தக் கடைசி வாக்கியம், அவளுக்கே தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் கட்டில் விரிப்பின் நுனியைச் சுருட்டினார். பிறகு, "எனக்கும் ஞாபகமாத்தான் இருக்குன்னு எழுது," என்றார். அதை எப்படி எழுதுவது, ப்ரீதி சொல்லாததற்குப் பதிலை? விட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக வேறொன்று செய்தாள், மகளுக்கான அடுத்த கடிதத்தில் அவர் அந்தப் பையன், அந்தப் பையன் என்று சொல்லச் சொல்ல அவள் ஜோஷுவா என்று தட்டினாள். ப்ரீதி உடனே எழுதினாள், அப்பா, முதல் தடவையாக நீங்கள் அவர் பெயரை எழுதியிருக்கிறீர்கள் என்று. அந்த வரியையும் விட்டுத்தான் படித்தாள். அப்புறம் ஒன்றின் மேல் ஒன்று... இப்போது மகளுக்கு ஒரு அப்பா, அப்பாவுக்கு ஒரு மகள், இரண்டு பேரும் இவள் கட்டிவிட்ட ஆட்கள். யார் கேட்டது இவளை? கேட்காமல் ஏன் செய்தாள்? இரண்டு பிடிவாதத்துக்கும் நடுவில் ஒருத்தி இருபத்தெட்டு வருடமாக நின்றுகொண்டே இருந்தால் வேறென்ன செய்வாள்?

அறுபத்தாறு. மெஷினுக்கு விட்டுப் படிக்கத் தெரியாது. அதனால்தான் சிடிக்குள் ஒரு வரி போட்டிருந்தாள். கடிதம் படிக்கும் நிரல் தொடங்கும்போதே, இன்றைய தேதிக்கு முன்னால் ப்ரீதிக்குப் போனதும் ப்ரீதியிடமிருந்து வந்ததும் பட்டியலில் தெரியக்கூடாது என்று ஒரே ஒரு வரி. அழிக்கவில்லை, மறைத்தது மட்டும்தான்.  பேச்சு நிரலைவிட, தொடக்கத்தில் ஒலிக்கும் பீப்பைவிட, அந்த வரிதான் முதல் தடவையிலேயே ஒழுங்காக வேலை செய்தது.

அழைப்பு மணி. பட்டாபிராமன், அவரோடு வங்கியில் இருந்தவர், வியாழன்தோறும் வருவார். ஹாலில் நாற்காலி இழுபடும் சத்தம், கதவு பாதி திறந்துதான் இருந்தது.

"மாமி எங்கேய்யா, ஆளையே காணோம்?"

"உள்ள கம்ப்யூட்டர்ல ஏதோ டைப் பண்ணிட்டிருக்கா. ஒரு மாசமா இதேதான். பொழுது போகணும் இல்ல, பாவம்."

"அதுவும் சரிதான். எங்காத்துல டிவி சீரியல்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எழுபத்துநாலு சதவீதம். மல்லிகாவின் கை மேஜைமேல் அப்படியே இருந்தது. பாவம். அவளைப் பார்த்துப் பாவமாம். யாருக்காகச் செய்கிறாள் என்று அவருக்குத் தெரியும், சொல்லியிருக்கிறாள், உங்களுக்குத்தான், நீங்க யாரையும் கேக்க வேணாம் என்று எதிரில் நின்று சொல்லியிருக்கிறாள், உம் என்றார், அவ்வளவுதான், அந்த உம்முக்குள் இதுதான் இருந்திருக்கிறது, டைப்பிங். இந்த மனிதரையா காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன், மகள் எழுதிய ஒரு வரி சுட்டுவிடக் கூடாது என்று கையை நீட்டி நீட்டி நான் சுட்டுக்கொண்டிருக்கிறேனே, எதற்கு? கேட்கட்டும். எழுத்து எழுத்தாக, மெஷின் வாயால் கேட்கட்டும். கண்ட்ரோலையும் சியையும் சேர்த்து அழுத்தினாள். எழுபத்துநாலில் எல்லாம் நின்றது. அந்த ஒரு வரியைத் தேடி எடுத்து, அழித்து, சேமித்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடவிட்டாள். மணி இரண்டு பதினைந்து.

அந்த நாற்பது நிமிடமும் அவள் எழுந்திருக்கவில்லை. மல்லிகா, பட்டாபிக்குக் காபி, என்று இரண்டு முறை குரல் வந்தது, மூன்றாவது முறை வரவில்லை, பட்டாபிராமன் காபி குடிக்காமலே போனார். போகட்டும். மூன்று மணிக்கு சிடி எரிய ஆரம்பித்தது, இருப்பதிலேயே மெதுவான வேகத்தில், வேகமாக எரித்ததால்தான் நாலாவது கெட்டது. மூன்றேகால் ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. மின்சாரம் போகவில்லை. ஒரு மாதமாக ஒரு வியாழன் தப்பாமல் நிறுத்தியவன் இன்றைக்கென்று நிறுத்தவில்லை, அதற்கும் கோபம் வந்தது, நிறுத்தியிருந்தால் இன்னொரு வாரம் கிடைத்திருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியதே, அதன்மேல்.

"வாங்க. உக்காருங்க. நீங்களே போடுங்க," என்றாள், சிடியை அவர் கையில் வைத்து. பக்தவத்சலம் விரலால் தடவித் தட்டைக் கண்டுபிடித்தார், சிடியை வைத்துத் தள்ளினார். அது சுழன்றது. பீப் என்றது. அவர் தலை நிமிர்ந்தது.

"என்னது அது?"

"ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். குரல் வர ரெண்டு நிமிஷம் ஆகும். நாங்கன்னா திரையில எழுத்து ஓடுறதப் பாத்துட்டிருப்போம். உங்களுக்கு ஒண்ணும் தெரியாதில்ல, மெஷின் உயிரோட இருக்கா இல்லையான்னு. அதுக்குத்தான்."

அவர் கை விரல்கள் மேஜை விளிம்பில் மெதுவாகத் தட்டி எண்ணிக்கொண்டிருந்தன. குரல் வந்தது, ஜலதோஷம் பிடித்த வெள்ளைக்காரன் போல. "நல்லாவே பேசுறான்," என்றார், முதல் தடவையாக ஏதோ நல்லாயிருக்கிறது என்று. பட்டியலில் கீழே போகும் விசையைக் காட்டினாள். ஒவ்வொன்றாக இறங்கினார், வங்கி, சங்கம், வங்கி, பிறகு அந்தக் குரல் ப்ரீதியின் பெயரைக் கோணலாய்ச் சொல்லி, மார்ச் என்றது. விரல் நின்றது. மல்லிகா ஒன்றும் செய்யாமல் நின்றாள். நிற்கிறேன் பார், அழுத்துங்க.

"மல்லிகா, இது எதையாவது விட்டுட்டுப் படிக்குமா?"

"விடாது. அதுக்கு விடத் தெரியாது."

தெருவில் காய்கறி வண்டிக்காரன் கொத்தமல்லி கொத்தமல்லி என்று மராட்டியில் கத்திக்கொண்டு போனான்.  பிறகு விசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மத்ததெல்லாம் நானே கேட்டுக்கறேன். இத மட்டும் நீ படி."

"ஏன்? ஒரு மாசமா நான் எதுக்கு..."

"படி. நீ எப்பவும் படிக்கற மாதிரி படி."

எப்பவும் படிக்கற மாதிரி. சத்தம் போட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். எப்போதிலிருந்து தெரியும்? முதல் கடிதத்திலேயேவா, அவள் நிறுத்தி நிறுத்திப் படித்ததிலா, ஆங்கிலக் கடிதம் அத்தனை சுருக்கமாகத் தமிழாவதிலா, இருபத்தெட்டு வருடம் கணக்குகளில் பொய் எது என்று பார்த்தே பிழைத்த மனிதர் இதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகியிருக்கும்? தெரிந்துகொண்டே கட்டிலில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டிருக்கிறார், அவளைப் பயத்தில் வேகவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல்... கோபம் மறுபடி உச்சிக்கு ஏறியது. மகள் அப்படி எழுதவில்லை என்று தெரிந்தே எனக்கும் ஞாபகமாத்தான் இருக்கு என்று சொன்னாரா? அந்த வாக்கியத்தைச் சொன்னது அவள் வாய் மட்டும்தானே. அப்படியானால் அவர் பதில் சொன்னது யாருக்கு? நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மெஷினின் குரலை அடைத்துவிட்டுக் கடிதத்தைத் திறந்தாள். திரையில் ப்ரீதியின் வரிகள், பக்கத்தில் அவர் முகம், திரையின் பக்கமில்லை, அவள் பக்கம் திரும்பியிருந்தது, எப்போதுமே அப்படித்தான் திரும்பியிருந்ததா, பார்த்ததே இல்லையே. முதல் வரியைத் தொடங்க வேண்டும். எதை என்று தெரியவில்லை.