கார்த்திக மாதத்தில் பூண்டு வாடை

அறுத்துப் போட்ட எலியின் மேல் ஹைமவதி குனிந்தாள். ஈரல் சிவப்பாக இல்லை, வெண்ணெய் நிறத்தில் கொழகொழவென்று இருந்தது. செல்லின் உட்கருவுக்குள் உட்கார்ந்து 'கொழுப்பைச் சேர்த்து வை' என்று உத்தரவு போடும் ஏற்பி என்ற புரதத்தை அடைக்கிற மருந்து அவள் உருவாக்கியது. ஐந்து வாரமாக எலிகள் இளைக்க இளைக்க, அந்த ஹைதராபாத் ஆய்வகமே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. சேர இடமில்லாத கொழுப்பு வேறெங்கே போகும்? ஈரலில் போய் உட்கார்ந்துகொண்டது. நேற்றிலிருந்து எலிகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

"நாகு, இந்தத் தட்டைப் பிடி."

உதவியாளர் நாகமணி கிட்டே வந்தாள். குப்பென்று பூண்டு வாடை அடித்தது.

"காலங்காத்தாலேயே பூண்டு ஊறுகாயா?"

"சிவசிவா! கார்த்திக மாச விரதம்க்கா. வெங்காயம்கூட வீட்டுக்குள்ள வரல. தினம் தலைக்குக் குளிச்சு, கோயில்ல விளக்கேத்திட்டுத்தான் வரேன்."

ஹைமவதி கத்தியைக் கீழே வைத்தாள். மருந்தைக் கரைக்கும் திரவம் தோலில் பட்டால் மருந்தோடு உள்ளே இறங்கிவிடும். சற்று நேரத்தில் மூச்சில் பூண்டு வாடை வீசும். ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பத்து நாளாக இவள் இளைத்துக்கொண்டே வந்ததைப் பார்த்து, கல்யாணக் களை என்று கேலி செய்தவளே ஹைமவதிதான்!

"உண்மையைச் சொல்லு. எடுத்துத் தடவிக்கிட்டியா?"

நாகமணி துப்பட்டாவைப் பிசைந்தாள். "வரப்போற மாமியார் என்னைப் பார்த்துட்டு, 'பந்தல்ல பாதி இடம் பொண்ணுக்கே போயிடும்போல'ன்னு சிரிச்சாங்கக்கா. அவரும் கூடச் சேர்ந்து சிரிச்சாரு. எலிங்கல்லாம் எவ்வளவு நல்லா இளைச்சுது..."

"எத்தனை நாளா?"

"பதினெட்டு."

"அடிப்பாவி! புத்தி எங்கடி போச்சு உனக்கு?" கத்தியவளுக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய் ஆட்டோவில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. "ஈரல் நல்லா அடி வாங்கியிருக்கும்மா. என்ன மருந்து இது?"

"பேரில்ல டாக்டர், நம்பர்தான். ஆராய்ச்சிக்கு வச்சிருந்தது."

"இதை முறிக்க மாத்து மருந்து?"

"இல்ல."

"நிறுத்திட்டா தானா விட்டுடுமா?"

ஹைமவதி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். மற்ற மருந்தெல்லாம் ஏற்பியில் ஒட்டும், பிறகு விலகும். இது ஒட்டினால் ஒட்டியதுதான். அப்படி ஒட்ட வைக்கத்தான் மூன்று வருஷம் மாடாய் உழைத்தாள், கைதட்டலும் வாங்கினாள்.

"விடாது டாக்டர். உடம்பு புதுசா ஏற்பி உண்டாக்கிக்கணும். அதுவரைக்கும் ஈரல் தாங்கணும்."

படுக்கையிலிருந்து நாகமணி தலையைத் தூக்கினாள். "ஒரு கூண்டுக்கு மட்டும் மருந்தைப் பாதியிலேயே நிறுத்தினோமேக்கா, ஆறு எலி. அதுங்க நல்லாத்தானே இருக்கு?"

நேற்று அவள் முகூர்த்தப் புடவை எடுக்க லீவு போட்டிருந்தாள். அந்த ஆறும் நேற்றுதான் செத்தன.

"நீ என்ன எலியாடி? பேசாம படு" என்றாள் ஹைமவதி.