மாயவன் எடுத்த அளவு

“மாப்ள அளவுல கோட்டை விட்டுட்டாரு, தங்கச்சி. நான் என்ன பண்ணட்டும்?”

ரசியா பேகம் வீட்டுக் கூடத்தில், பெஞ்சின் மேல் கிடத்தியிருந்த பழைய சுவர்க் கடிகாரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு ராஜாங்கம் இப்படிச் சொன்னார். கையிலிருந்த வெள்ளைப் பீங்கான் டயலைக் கடிகாரத்தின் பித்தளை வளையத்தில் வைத்துக் காட்டினார். சட்டிக்குள் தட்டு விழுகிற மாதிரி அது உள்ளே விழுந்தது. சுற்றிலும் அரை விரல் இடைவெளி.

வாசுகிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கணவன் மாயவனுக்குக் காரியம் முடிந்த கையோடு அண்ணன்மார் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அன்று காலைதான் திரும்பியிருந்தாள். அதற்குள், சேத்தியாத்தோப்பில் கடிகாரம் ரிப்பேர் செய்யும் இந்தத் தூரத்து அண்ணன் வந்து, பக்கத்து வீட்டில் அவள் வீட்டுச் சாவி வாங்கி, மாயவன் பாதியில் விட்டுப்போன கடிகாரத்தையும் டயலையும் தூக்கிப்போய் ‘முடித்து’ விட்டார். உபகாரமாம்.

அந்த டயலுக்காக மாயவன் அலையாத இடமில்லை. ரசியா பேகத்தின் மாமனார் பினாங்கிலிருந்து கொண்டுவந்த கடிகாரம். கீழே விழுந்து முகம் மட்டும் தூள்தூளாகிவிட்டது. மற்றபடி ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. புதுச்சேரிப் பழைய சாமான் கடைகளில் தகர டயல் காட்டினார்கள், தாளில் அச்சடித்து ஒட்டியதைக் காட்டினார்கள். ஒரு கடைக்காரர் மட்டும், சுவரில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கழற்றி, “இதோட மூஞ்சிய எடுத்துக்கங்க சார், மிச்சத்த நான் பார்ட்ஸா வித்துக்கறேன்” என்றாராம். மாயவன் அவரோடு சண்டையே போட்டுவிட்டு வந்தான். “ஓடிக்கிட்டு இருக்கறத கொன்னுட்டு இதுக்கு உசுரு குடுக்கணுமா? என் கையில மண்ணு இல்லியா?” என்று வீட்டில் வந்து கத்தினான்.

செராமிக் தொழிற்பேட்டையில் அச்சு செய்கிறவன் அவன். பிளாஸ்டரில் அச்சு செய்து, மண்கரைசல் ஊற்றி, ஒரு டயல் எடுத்துக் காயவைத்தான். வாசுகி பொம்மைக்குக் கண் எழுதும் தூரிகையை வாங்கி எண்களை எழுதினான். சூளைக்குக் கொடுக்கும் முன் நெஞ்சுவலியில் போய்விட்டான்.

“அண்ணே, சுடறதுக்கு முன்னாடி பச்சைத் தட்டை ராவினீங்களா?”

“ராவாம? வளையத்தவிடப் பெருசா இருந்துது. உப்புத்தாள் போட்டு நானே பாத்துப் பாத்துக் கொறைச்சேன். சாவி போடற ஓட்டயும் தள்ளி இருந்துது, அரத்தால உள்ள இழுத்து வுட்டேன். அப்பறந்தான் சூளையில குடுத்தேன். எனக்குக் கூலிகூட வேணாம் தங்கச்சி.”

“பெருசாத்தாண்ணே இருக்கும்! சுட்டா மண்ணு சுருங்கும். அதுக்குத்தான் அவுரு கூட்டி வச்சாரு. இந்த ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லியிருப்பாங்களே!”

“சுட்டா கெட்டியாவும்னு தெரியும். சுருங்குமா?” என்றவர், தாழ்ந்து போக மனமில்லாமல், “எது எப்படியோ, ஆனது ஆயிட்டுது. ஒரு தகர டயல் போட்டு...” என்று இழுத்தார்.

ரசியா பேகம் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள். “வாசுகி, கோச்சுக்காத. இவரு டீக்கடையிலயும் சொல்லியிருக்காரு போல. அச்சுக்காரனுக்கே அளவு தெரியலன்னு என் தம்பி வந்து சொல்லுது. நான் நம்பல புள்ள.”

வாசுகி டயலை எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டின் தலை போயிருந்தது. ஆறின் கால் போயிருந்தது. ஓரமெல்லாம் தேய்த்த தேய்ப்பில் அவன் எழுதிய எண்ணில் ஒன்றுகூட முழுசாக இல்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பாள். இருபது வருஷம் எந்த அச்சும் திரும்பி வராமல் செய்தவனை, செத்த பிறகு, அவன் டீ குடித்த கடையிலேயே அளவு தெரியாதவனாக்கிவிட்டாரே!

“தகரம் வேணாம். கடிகாரம் இங்கியே இருக்கட்டும். நான் கூப்புடுறப்ப வாங்க,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மாயவன் செய்த அச்சு பட்டறையில்தான் இருந்தது. அவளே கரைசல் ஊற்றினாள், எடுத்தாள், காயவைத்தாள். வளையத்தின் பக்கமே கொண்டுபோகவில்லை. “பெருசா இருக்குதே அண்ணி, கொஞ்சம் தேச்சுக் குடுக்கட்டா?” என்று சூளைக்காரர் விளையாட்டாகக் கேட்டதற்கு, அவள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார். எண்களை அவளே எழுதினாள். கண் எழுதிப் பழகிய கை; கோடு நடுங்கவில்லை.

டயல் சுட்டு வந்ததும் ராஜாங்கத்தை ரசியா பேகம் வீட்டுக்கு வரச்சொல்லி அனுப்பினாள். தானே வைக்காமல் அவர் கையில் கொடுத்தாள். “வையுங்க.”

வைத்தார். பித்தளை வளையம் அதை இறுக்காமல், ஆடவிடாமல் ஏந்திக்கொண்டது. சாவியைப் போட்டுத் திருப்பினார். துளையில் எங்கும் உரசவில்லை.

“சரியாத்தான் இருக்குது,” என்று முனகினார்.

“யாரு எடுத்த அளவு?”

“மாப்ள எடுத்ததுதான்.”

“இங்க எதுக்குண்ணே சொல்றீங்க? ரசியாக்கா அப்பவே நம்பல. டீக்கடைக்கு வாங்க.”

“தங்கச்சி, நாலு ஆம்பளைங்க நிக்கிற எடம்...”

“அந்த நாலு பேருகிட்டத்தான சொன்னீங்க?”

அவள் முன்னால் நடந்தாள். அவர் பின்னால் போனார். கடையில் ஷிப்டு முடித்த கூட்டம் நின்றது. ராஜாங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “மாயவன் அளவு சரியாத்தான்யா இருந்துது. நான்தான் தெரியாம ராவிட்டேன்.”

“மண்ணு சுருங்கும்னு தெரியாம நம்மூருக்கு வேலைக்கு வந்தீரா?” என்று ஒருவர் கேட்க, கடையே சிரித்தது. ராஜாங்கமும் அசட்டுத்தனமாகச் சிரித்தார். யாரோ அவர் கையில் ஒரு டீயைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான், அவருக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

வாசுகிக்குச் சிரிப்பு வரவில்லை. அளவு அச்சில் இருந்தது, மீட்டுவிட்டாள். தேய்ந்துபோன அவன் கையெழுத்து எந்த அச்சில் இருக்கிறது? “உனக்கும் ஒரு டீ சொல்லட்டுமா தங்கச்சி?” என்று ராஜாங்கம் கேட்டது காதில் விழுந்தும், அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.